இன்ஸ்டால் அக்கா

இல்லம்மா, அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. லேப்டாப்பை உங்க பக்கம் திருப்பிடறேன். ம், இதுதான் நான் சொன்ன கமாண்டு. கீழ தள்ளுங்க. இன்னும் தள்ளுங்க. தள்ளிக்கிட்டே இருங்க, இப்போதைக்கு முடியாது. சிரிக்கிறீங்க. எல்லாரும் முதல்ல சிரிக்கத்தான் செய்வாங்க.

எம்டி மீட்டிங்ல இருக்காரு. அவர் வெளிய வர்றதுக்குள்ள உங்களுக்கு டெஸ்ட் வெச்சு, இவங்களுக்கு இந்த வேலை வருமா வராதான்னு நான் சொல்லணும். நான் சொல்றதுதான் முடிவு. அவருக்கு இதுல ஒரு எழுத்து புரியாது. அவருக்கென்ன, இந்த ஆபீஸ்ல என்னைத் தவிர யாருக்குமே புரியாது. என்னை இங்க யாரும் பேர் சொல்லிக் கூப்பிடறதில்ல. இன்ஸ்டால் அக்கா. வாசல்ல நிக்கிற வாட்ச்மேன்லேர்ந்து எம்டி வரைக்கும் அதுதான். எம்டிக்கு என்னை விட பத்துப் பன்னெண்டு வயசு கூட இருக்கும், அவரும் வாய் நிறைய அக்காங்கிறாரு. நீங்களும் அப்படியே கூப்பிடுங்க, கூச்சப்படாதீங்க.

தெரியும், உங்களுக்கு இதெல்லாம் தெரியும்தான். இருந்தாலும் அடியிலேர்ந்து சொல்லிடறேன், அப்பதான் நான் சொல்லிக் குடுத்தேன்னு ஆகும். நம்ம கம்பெனி பண்றது ரத்தப் பரிசோதனை லேபுங்களுக்கான சாஃப்ட்வேர். மெஷின் ரத்தத்தைப் பாத்து எண்ணுங்களாத் துப்பும், நம்ம சாஃப்ட்வேர் அதை வாங்கி, யாரோட எண்ணு எதுன்னு பிரிச்சு, ரிப்போர்ட்டா அடிச்சுக் குடுக்கும். லேபுக்கு நேர்ல போய் உக்காந்தெல்லாம் போட்டுத் தர ஆள் இல்ல. ஒரு கமாண்டு அனுப்புவோம். அவங்க அதை அடிச்சு என்டர் தட்டினா சாஃப்ட்வேர் தானா போய் உக்காந்துக்கணும். அந்தக் கமாண்டுதான் இது.

சாஃப்ட்வேர்னா ஒரே மூட்டையா வராதில்ல. கூடவே லைப்ரரி ஃபைலுங்க கொஞ்சம் வரும். என் மாமியாருக்கு ஒருதடவை இதைச் சொல்ல வேண்டியதாப் போச்சு. நாள் முழுக்க அந்தப் பொட்டியில என்னதான் பண்றேன்னு கேட்டாங்க. அத்தை, சமையல்காரர் ஒருத்தர் வராரு, அவருக்கு வேண்டிய பாத்திரத்தையெல்லாம் அவர் கைநீட்டிப் பாக்கிற அலமாரியிலேயே வெக்கணும், வேற அலமாரியில வெச்சா அவருக்குக் கண்ணு தெரியாது, நான்தான் எந்த அலமாரின்னு முடிவு பண்றேன்னு சொன்னேன். பாத்திரம் எடுத்து வெக்கவா இவ்வளவு தூரம் போய்த் தனியா இருக்கே, அதை இங்கயே பண்ணலாமேன்னாங்க. ஹா... சிரிங்க, சிரிங்க. நானும் அன்னைக்குச் சிரிச்சேன்.

இப்போ சிக்கலுக்கு வரேன். ஒரு மெஷின்ல, அதாவது லேபோட கம்ப்யூட்டர்ல, அந்த அலமாரிக்குப் பேரு லிப். இன்னொண்ணுல லிப் அறுபத்துநாலு. இன்னொண்ணுல லிப்புக்குள்ள சிப்போட பேர்ல நீளமா ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள வெக்கணும். சில லேபுல நமக்கு அங்க தொடவே அனுமதி குடுக்க மாட்டாங்க, யூசரோட சொந்த ஃபோல்டர்லதான் வெச்சுக்கணும். சில லேபுல பழைய வெர்ஷன் ஒண்ணு ஒரு மூலையில கிடக்கும், அதை எடுக்காம புதுசை வெச்சா ரெண்டும் இருக்கும், எது மாட்டும்னு சொல்ல முடியாது. இப்படி ஒவ்வொரு லேபுக்கும் ஒவ்வொரு கதை. இதுவா இருந்தா இங்க வை, அதுவா இருந்தா அங்க வை, ரெண்டும் இல்லன்னா இதைப் பாரு. நீங்க தள்ளிக்கிட்டிருக்கீங்களே, அந்த முடியாத கதை பூரா அதுதான்.

விளையாட்டா எடுத்துக்காதீங்க. என் தங்கச்சி கல்யாணத்தன்னைக்கு ஒரு லேபுலேர்ந்து ஃபோன். அங்க இருக்கிற டெக்னீஷியன்தான். அக்கா, ரிப்போர்ட்ல ஒருத்தரோட எண்ணு பக்கத்து ஆளுக்கு வருதுங்கிறாரு. புது ஃபைல் லிப்ல போய் உக்காந்திருக்கு, மெஷின் போய்ப் பாக்கிறது லிப் அறுபத்துநாலுல, அங்க போன வருஷத்துப் பழைய ஃபைல் குத்துக்கல் மாதிரி இருக்கு. அது பாட்டுக்குப் பழைய கணக்குல பிரிச்சுக் குடுத்திருக்கு. நல்லவேளை, அந்த மனுஷன் ஒரு சின்னக் குழந்தையோட ரிப்போர்ட்டைப் பாத்துட்டு, இப்படி இருக்க வாய்ப்பே இல்லையேன்னு கையிலேயே பிடிச்சு வெச்சுட்டாரு. ஒண்ணும் வெளிய போகல. அவரை லைன்ல வெச்சுக்கிட்டு ஒவ்வொரு ஃபைலா எடுத்து வெக்கச் சொல்லி முடிச்சப்போ தாலி கட்டியாச்சு. ஆல்பம் பாத்தீங்கன்னா தெரியும். எல்லா ஃபோட்டோவுலயும் நான் இருக்கேன், எல்லாத்துலயும் காதுல ஃபோன் இருக்கு. என் தங்கச்சி இன்னைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவா.

காய்ச்சல்னு படுத்தாலும் கூப்பிடுவாங்க. பல்லு பிடுங்கிட்டு வாயில பஞ்சோட உக்காந்திருக்கேன், அப்பவும் கூப்பிட்டாங்க. ஊம் ஊம்னே ஒரு லேபைச் சரி பண்ணிக் குடுத்தேன். இந்த ஆபீஸுக்கே ஜன்னல் கிடையாது, கவனிச்சீங்களா? ஏசியை நிறுத்தினா மூச்சு முட்டும், போட்டா எலும்புக்குள்ள போகும். வெளிய மழையா வெயிலான்னு சாயங்காலம் படி இறங்கினாத்தான் தெரியும். நான் ஒளிவு மறைவில்லாம சொல்லிடறேன்மா. உள்ள வந்துட்டா இது விடாது. நீங்க குழந்தை இருக்கிறவங்க, யோசிச்சுக்குங்க. உங்களுக்கு முன்னாடி ஒருத்தர் வந்தாரு, பெரிய பெரிய எடத்துல வேலை பாத்தவரு. பாதி கேட்டுட்டு, காரை ராங் சைடுல நிறுத்திட்டேன்னு எந்திரிச்சுப் போனவர்தான்.

ஒரு நிமிஷம்மா. அவர்தான். எடுக்கலைன்னா திரும்பத் திரும்ப வரும்.

ஹலோ. ம், சொல்லுங்க. இல்ல, ஆபீஸ்லதான். சின்ன ரூம்ல. ஆமா, இன்டர்வியூவுக்கு ஆள் வந்திருக்காங்க, அதான் இங்க. பொம்பளைதாங்க. பொம்பளைதான்னு சொல்றேன்ல. ம். சாப்பிட்டேன். அக்கவுன்ட்ஸ்காரம்மா கூட. வேற யாரும் இல்ல. இப்பவா? வீடியோவுலயா? சரி, இருங்க.

தப்பா நினைக்காதீங்கம்மா, ஃபோனைக் கொஞ்சம் உங்க பக்கம் காட்டிடறேன். ஒரு செகண்டுதான். நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். ம், அவ்வளவுதான்.

பாத்தீங்களா? சரி. இருக்காங்க, கெட்டிக்காரங்க மாதிரிதான் தெரியுது. இப்பவே எப்படிங்க சொல்றது, பேசிப் பாத்துட்டுச் சொல்றேன். அவசரப்பட்டா அப்புறம் எம்டிதான் மாட்டிக்குவாரு. சரி. சரிங்க. வெச்சிடறேன்.

மன்னிச்சுக்குங்க. என் வீட்டுக்காரர். ரொம்ப அக்கறை. கேக்கிறவங்க எல்லாரும் கொடுத்து வெச்சவங்கிறாங்க. அவர் வேலை பாக்கிறது வேற ஊர்ல, அவங்க அப்பா அம்மா கூட. நான் இங்க லேடீஸ் ஹாஸ்டல்ல. முன்னாடி ரெண்டு பேரும் இங்கதான் இருந்தோம். போன வருஷம் அவரா கேட்டு மாத்தல் வாங்கிக்கிட்டுப் போயிட்டாரு. என்னையும் வேலையை விட்டுட்டு வந்துடுன்னாரு. எம்டி விடல. கமாண்டு தெரிஞ்ச ஆள் வேற யாரும் இல்ல, இவங்க போனா கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான்னு சொல்லிட்டாரு. உடனே என் வீட்டுக்காரரே கிளம்பி இங்க வந்தாரு. கதவு வழியா அதோ தெரியுதே, கண்ணாடி ரூம், அதுல எம்டியும் அவரும் உக்காந்து பேசினாங்க. நான் என் சீட்லேர்ந்து பாத்துக்கிட்டே இருந்தேன். சத்தம் கேக்கல, வாய் அசையறதுதான் தெரிஞ்சுது. டீ வந்துச்சு. ரெண்டு பேரும் என்னமோ சொல்லிச் சிரிச்சாங்க. எந்திரிச்சுக் கை குடுத்துக்கிட்டாங்க. வெளிய வந்து என்கிட்ட, பேசிட்டேன்னாரு. என்ன பேசினீங்கன்னு நான் கேக்கல. எம்டிதான் அப்புறம் சொன்னாரு. உங்க வீட்டுக்காரர் தங்கமான மனுஷன்க்கா, விட்டுக் குடுத்திருக்காரு, இதைக் கத்துக்கிற மாதிரி ஒரு ஆள் கிடைக்கிற வரைக்கும் நீங்க இங்க இருக்கலாம், கிடைச்ச மறுநாள் அனுப்பி வெச்சிடறேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்னாரு.

ஆமாம்மா, நீங்க சேந்துட்டா நான் போகணும். அதுக்குத்தான் ஆள் எடுக்கிறாங்க. எம்டி சொல்லலையா உங்ககிட்ட?

அந்த வீடா? நல்ல வீடுதான். மாடியில எங்களுக்குத் தனி ரூம். லீவுக்கெல்லாம் போவேனே. போன லீவுல ஒரு லேபுலேர்ந்து ஃபோன் வந்துச்சு, கீழ டிவி சத்தம்னு ரூமுக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டுப் பேசினேன். கொஞ்ச நேரம்தான். மறுநாள் நான் குளிச்சுட்டு வந்து பாத்தா கதவுல தாழ்ப்பாளைக் காணோம். ஸ்க்ரூ இருந்த ஓட்டை மட்டும் இருக்கு. அவரே கழட்டியிருக்காரு. நம்ம வீட்டுக்குள்ள நமக்கு எதுக்குத் தாழ்ப்பாள்னு ரொம்ப சாதாரணமா கேட்டாரு. நீங்களே சொல்லுங்க, எதுக்குத்தான் தாழ்ப்பாள்? மாமனார் பேப்பரை மடிச்சுக்கிட்டே, அவன் சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்மா, பிரியமான பொருளைக் கண்ணு முன்னாடி வெச்சுக்குவான்னாரு. மாமியார் எந்திரிச்சுத் தன் ரூமுக்குப் போனாங்க. அவங்க ரூம் கதவுலயும் அந்த மாதிரி ஓட்டை இருக்கு. பழைய ஓட்டை, பெயின்ட் அடிச்சு மூடினது. அன்னைக்குத்தான் என் கண்ணுல பட்டுது.

சரி விடுங்க, நம்ம கதைக்கு வருவோம். டெஸ்ட் இதுதான். புது லேபு ஒண்ணு. அந்த மெஷின்ல அலமாரி எங்க இருக்குன்னு நமக்குத் தெரியாது, இதுவரைக்கும் நாம பாத்த எதுவும் இல்ல. இந்தக் கமாண்டுக்குள்ள அதுக்கு ஒரு கிளை, அதான் இதுவா இருந்தா இங்க வைங்கிற மாதிரி வரி, சேக்கணும். எங்க சேப்பீங்க, எப்படிச் சேப்பீங்க? நேரம் எடுத்துக்குங்க. அவசரமே இல்ல. நல்லா படிச்சுப் பாத்துட்டே...

என்னது?

திரும்பச் சொல்லுங்க. ஒரு நிமிஷம், இருங்க, கதவைச் சாத்திட்டு வந்துடறேன். வெளிய ஆள் நடமாட்டம். ஃபோன் வேற, சைலன்ட்ல போட்டுடறேன்.

ம். இப்போ சொல்லுங்க.

கிளையே வேண்டாமா. எல்லா மெஷின்லயும் அதோட சொந்த லைப்ரரி ஒண்ணு ஏற்கெனவே இருக்கும். அது இல்லாம மெஷினே ஓடாது. அப்போ அது எங்க இருக்குன்னு மெஷினையே கேட்டு, அது பக்கத்துலேயே நம்மதையும் வெச்சுட்டா முடிஞ்சுதுங்கிறீங்க. ஊருக்குப் புதுசா வந்தவன், அங்க குடியிருக்கிறவன்கிட்ட உன் வீடு எந்தத் தெருன்னு கேட்டுட்டு அடுத்த வீட்டுக்குப் போற மாதிரி. அனுமதி இல்லாத எடத்துல யூசரோட ஃபோல்டர். பழசு இருந்தா அதையும் அதே எடத்துல தேடித் தூக்கிடலாம். மொத்தம் ஒரு வரி, மிஞ்சிப் போனா ரெண்டு வரி.

எவ்வளவு நேரத்துல கண்டுபிடிச்சீங்க? நான் பேசிக்கிட்டிருக்கும்போதேயா?

சரியாத்தாம்மா சொல்றீங்க. நூத்துக்கு நூறு சரி. அந்தக் கண்ணாடி ரூம்ல பேச்சு முடிஞ்சு அவர் ஊருக்கு பஸ் ஏறினாரு இல்லையா, நான் சீட்டுக்கு வந்து உக்காந்தேன். போகத்தானே போறோம், வர்றவங்களாவது கஷ்டப்படாம இருக்கட்டும்னு இதைப் பிரிச்சுப் போட்டு யோசிச்சேன். இதே வரிதான் வந்துச்சு. எழுதி, இங்க இருக்கிற எல்லா மெஷின்லயும் ஓட்டிப் பாத்தேன். ஒண்ணு கூடத் தப்பல. அவ்வளவு பெரிய கமாண்டு, இத்தனூண்டா சுருங்கிப் போச்சு. யார் வேணும்னாலும் பாத்துக்கலாம், ஆளே வேண்டாம்னு கூடச் சொல்லலாம். திரையைப் பாத்துக்கிட்டே இருந்தேன். அப்போ நான் நாளைக்கே கிளம்பணும்னு உறைச்சுது. அந்த வரியை அழிச்சுட்டேன். பழசையே திரும்பப் போட்டேன். மறுநாள் புதுசா ஒரு கிளையும் சேத்தேன், தேவையே இல்லாத கிளை. அதுக்கப்புறம் அவர் எப்பவெல்லாம் ஆள் கிடைச்சாச்சான்னு கேக்கிறாரோ, அப்பவெல்லாம் ஒண்ணு சேத்துடுவேன். தள்ளித் தள்ளி உங்களுக்குக் கை வலிச்சுதே, அதுல முக்கால்வாசி அப்படி வந்ததுதான். லேபுக்கு ஒரு கெடுதலும் வராது, அதுல நான் கண்ணும் கருத்துமா இருக்கேன். சும்மா சுத்தி வளைச்சு அதே எடத்துக்குத்தான் கொண்டு போய் விடும்.

பைத்தியக்காரின்னு நினைக்கிறீங்க. நினைச்சுக்குங்க. இந்த ஜன்னல் இல்லாத ஆபீஸு, ராப்பகல் ஃபோனு, இதெல்லாம் பிடிச்சுப் போயா இருக்கேன்? எனக்கும் இங்கேர்ந்து ஓடணும் போலத்தான் இருக்கு. ஆனா ஹாஸ்டல்ல என் ரூம் கதவைச் சாத்தினா சாத்தினதுதாம்மா. யாரும் தள்ளிக்கிட்டு வர மாட்டாங்க.

நீங்க ஏன் அழறீங்க? உங்களை ஒண்ணும் சொல்லலையே நான். இந்தாங்க, தண்ணி குடிங்க.

உங்க வீட்டுலயுமா? ம். ம். எத்தனை வருஷம்? அடிக்கவெல்லாம் மாட்டாரு. அதுதானே, அடிச்சாலாவது வெளிய சொல்லலாம். இவரும் ஒரு வார்த்தை அதிர்ந்து பேச மாட்டாரு. அப்புறம்? வந்துட்டீங்களா? எப்படி வந்தீங்க? இல்ல, எப்படின்னு கேக்கிறேன். யார்கிட்டயாவது சொல்லிட்டா, சொல்லாமயா? குழந்தையை ஸ்கூல்லேர்ந்து கூட்டிக்கிட்டு அப்படியே. வீட்டுக்கே திரும்பப் போகாம. துணிமணி? ஒண்ணுமே எடுக்கலையா! செருப்பு மட்டும். அதுக்கப்புறம் அவர் ஃபோன் பண்ணலையா? நம்பரையே மாத்திட்டீங்க. அவ்வளவுதானா? நான் என்னமோ அதுக்குப் பெருசா ஏதாவது பண்ணணும்னு... அம்மா சேத்துக்கிட்டாங்களா உங்களை? திட்டிக்கிட்டே சேத்துக்கிட்டாங்க. பரவால்ல. திட்டட்டும். எங்கம்மா சேத்துக்க மாட்டாங்க. எங்கம்மாவுக்கு மாப்பிள்ளைன்னா உசுரு.

அப்போ இந்த வேலை கிடைச்சாத்தான் அம்மா வீட்டை விட்டுத் தனியா ஒரு ரூம் பாக்க முடியும் உங்களால. குழந்தையும் நீங்களும். புரியுது.

இதை முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதாம்மா? உக்காந்த உடனேயே சொல்லியிருக்கலாமே. நான்தான் கேக்கல. குழந்தையை யார் பாத்துக்கிறாங்கன்னு வாசல்லயே கேட்டேன், அம்மான்னீங்க, அதோட விட்டுட்டேன்.

எம்டியா? அவர் கூப்பிட மாட்டாரு. மெசேஜ் போயாச்சு. கதவைச் சாத்த எந்திரிச்சேன் பாருங்க, அப்பவே அனுப்பிட்டேன். இவங்களுக்கு வராது சார், வேற ஆள் பாக்கலாம்னு. அவரும் சரிக்கான்னு போட்டுட்டாரு.

மாத்திச் சொல்லலாம். வாய் இருக்கு, சொல்லலாம். ஏன் முதல்ல வராதுன்னீங்கன்னு கேப்பாரு. நான் முழிப்பேன். அதை எம்டி என் வீட்டுக்காரர்கிட்ட சொல்லுவாரு. ரெண்டு பேரும் தினம் பேசிக்கிறாங்கம்மா, கிரிக்கெட்டு, அரசியலு, நான் வந்த நேரம், போன நேரம். அப்புறம் ஆளே வேண்டாம், நாளைக்கே வான்னுடுவாரு வீட்டுக்காரர்.

எந்திரிக்காதீங்க, ஒரே ஒரு நிமிஷம். உங்க நம்பரை ஒரு துண்டுப் பேப்பர்ல எழுதிக் குடுக்கறீங்களா? வேலைக்கு இல்ல. ஃபோன்ல சேத்தா அவர் பாப்பாரு, அதான் பேப்பர்ல. இல்ல, சும்மாதான். எந்த பஸ்ஸு, முதல் நாள் எங்க தங்கினீங்க, அந்த மாதிரி ஏதாவது கேக்கணும்னு தோணினா கேக்கலாமேன்னு.

மாட்டீங்களா.

சரி. உங்க எடத்துல நான் இருந்தாலும் குடுக்க மாட்டேன். இருங்க, கதவைத் திறந்து விடறேன், இதை வெளிப்பக்கமாத் தள்ளக் கூடாது, உள்பக்கமா இழுத்தாத்தான் திறக்கும்.